ஊட்டி மலையில் நாள் முழுக்க நடக்கப் போறீங்களா? குளிரில் சிக்காமல் பிளான் பண்ணுவது இப்படித்தான்!

ஒரு சின்ன கேள்வி. ஊட்டியில் பகல் நேரம் அதிகம் குளிராக இருப்பது எந்த மாதத்தில்? 'இதென்ன கேள்வி, ஜனவரிதான்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜனவரியில் ஊட்டியின் சராசரி பகல் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஜூலையில் அது சுமார் 17 டிகிரியோடு நின்றுவிடும். ஜனவரியில் ராத்திரிதான் மோசம். ஜூலையில் பகலே மோசம்.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால், நீலகிரியில் நீண்ட தூரம் நடக்கத் திட்டம் போடுவதில் பாதி வேலை முடிந்தது. 'ஸ்வெட்டர் எடுத்தாச்சு, மங்கி கேப் எடுத்தாச்சு, கிளம்பு மச்சி' என்று புறப்படும் குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். குளிர் என்பது ஒரே ஆள் இல்லை. உயரம், ஈரம், காற்று, பள்ளம் என்று நாலு வேஷத்தில் வரும். ஒவ்வொன்றையும் சமாளிக்கும் வழி வேறு வேறு.

'நம்ம ஊர் மலைதானே, இமயமலையா?' என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூன் மாதம் உத்தராகண்டின் சஹஸ்ர தால் பகுதிக்கு கர்நாடகாவில் இருந்து ட்ரெக்கிங் போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தார்கள். சமவெளி வெயிலில் வெந்துகொண்டிருந்த மாதம் அது. நீலகிரியில் அப்படிப் பனிப்புயல் வராது. ஆனால் ஒரு மனிதனின் உடம்பு விறைத்துப்போக பனிப்புயல் தேவையே இல்லை. 10 டிகிரி, நனைந்த சட்டை, நிற்காத காற்று... இந்த மூன்றும் போதும்.

குளிர் எங்கிருந்து வருது?

முதலில் உயரம். மேலே ஏற ஏற, 1,000 மீட்டருக்கு சராசரியாக 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டு பஸ் ஏறினால், ஊட்டியில் இறங்கும்போது ஏறக்குறைய 18 டிகிரி. தொட்டபெட்டாவுக்குப் போனால் இன்னும் இரண்டரை டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் காட்டுவது 'ஊட்டி' வெப்பநிலை. நீங்கள் நடக்கப்போகும் முகட்டின் வெப்பநிலை இல்லை. இந்தக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும்.

இரண்டாவது காற்று. நம் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். வேகமான காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால், உடம்புக்கு அது 0 டிகிரி போலத்தான் தெரியும்.

மூன்றாவது ஈரம். காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மழையில் நனைந்தாலும் சரி, சொந்த வியர்வையில் நனைந்தாலும் சரி, உடம்புக்கு விளைவு ஒன்றுதான்.

நாலாவதுதான் பலருக்கும் தெரியாதது. பள்ளம்! 'மேலே போனால் குளிர், கீழே வந்தால் கதகதப்பு' என்பது பகலுக்குச் சரி. மேகமில்லாத, காற்றில்லாத குளிர்கால ராத்திரியில் கதை தலைகீழ். நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீர் மாதிரியே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற தாழ்வான புல்வெளிப் பகுதிகளில் புல் வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கும் படங்களை ஒவ்வொரு ஜனவரியிலும் செய்தியில் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் பக்கத்துச் சரிவின் நடுப்பகுதி சில டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

நீலகிரியின் காடுகளே இதற்குச் சாட்சி. சோலைக்காடுகள் மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் கூட்டமாக ஒதுங்கி நிற்க, மற்ற இடமெல்லாம் புல்வெளியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக் கன்றுகளை உறைபனி கருக்கிவிடுகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணங்களில் ஒன்று. மரத்தடியில் நிலத்தின் சூடு வானத்துக்குத் தப்பாமல் கிளைகள் போர்வை மாதிரி பிடித்துவைக்கும். திறந்த புல்வெளியில் போர்வை கிடையாது.

இன்னொரு விஷயம். வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் தரையில் இருந்து நாலு அடி உயரத்தில் இருக்கும். அது 3 டிகிரி என்று காட்டும்போதே தரையில் புல் உறைந்திருக்கலாம். 'தைப்பனி தரையைத் துளைக்கும்' என்று சும்மாவா சொன்னார்கள்? தரையில் படுக்கப்போகிறவர்கள் போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

எந்த மாசம் போகலாம்?

குளிரை மட்டும் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்க நீலகிரி விடாது. மழை, காட்டுத்தீ, கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஜனவரி முதல் பிப்ரவரி பாதி வரை: வானம் தெளிவு, மழை குறைவு, பகலில் நடக்க அருமை. ஆனால் ராத்திரியும் அதிகாலையும் உறைபனி. பகலில் நடந்துவிட்டு, இரவு நாலு சுவருக்குள் தூங்குவதாக இருந்தால் மட்டும் நல்ல காலம்.

பிப்ரவரி பாதி முதல் ஏப்ரல் பாதி வரை: உறைபனி போய்விடும், குளிரும் குறையும். ஆனால் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் தீக்காலம். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் ட்ரெக்கிங் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிமுறைகள் வந்தன. இந்த மாதங்களில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கும். 'இப்பதான் குளிர் இல்லையே, பின்பக்கமா போயிடலாம்' என்ற யோசனையே வேண்டாம்.

ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும்: குளிர் மிகக் குறைவான காலம் இதுதான். ஊட்டியில் பகல் 22, 23 டிகிரி, இரவு 11, 12 டிகிரி என்ற அளவில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஊரே அங்கேதான் இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ம் தேதி முதல் வண்டியில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதி என்ன என்று பார்த்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் இடியோடு கோடை மழை வரலாம். அதனால் காலையில் சீக்கிரம் முகடு ஏறி, மதியத்துக்குள் இறங்குவது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி என்று மேற்குப் பக்கம் முழுக்க நனையும். 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. சென்னை ஒரு வருடத்தில் வாங்கும் மழையில் பாதிக்கும் மேல் இது! வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்துகொள்வதால் உடம்புக்கு மிக ஆபத்தான குளிர் இந்த மாதங்களில்தான். நீண்ட நடைக்கு நோ!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை: இப்போது மழை பக்கம் மாறும். வடகிழக்குப் பருவமழைக்கு குன்னூர், கோத்தகிரி என்று கிழக்குச் சரிவுகள் நனையும். 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் பலியானார்கள். மழை இடைவெளி விட்ட நாள்களில் முதலில் நீர்ப்பனி விழும். அதன் பின்னால் உறைபனி வரும்.

ஆக, குளிரைத் தவிர்ப்பதுதான் உங்கள் முதல் நோக்கம் என்றால் ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும். தெளிவான வானமும் நீண்ட காட்சியும் வேண்டும் என்றால் ஜனவரி, ஆனால் பகல் நடை மட்டும்.

எங்கே நடப்பது, எங்கே தூங்குவது?

ட்ரெக்கிங்கில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. உயரத்தில் நட, தாழ்வில் தூங்கு. நீலகிரிக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஊட்டிக்குப் பதில் குன்னூரில் தங்கினாலே 400 மீட்டர் குறைகிறது. கணக்குப்படி இரண்டரை டிகிரி லாபம். அறை எடுக்கும்போது ஏரிக்கரையோ பள்ளத்தாக்கின் அடியோ வேண்டாம். காலை வெயில் படும் கிழக்குச் சரிவின் நடுப்பகுதியில் பாருங்கள்.

காட்டுக்குள் நீங்களாகக் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று நினைத்தால், அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் நுழைவதே குற்றம். அதற்கு நேர்வழி, 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம். 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தார்கள். ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். நீலகிரியில் கெய்ர்ன் ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை போன்ற எளிய பாதைகளும் உண்டு. பார்சன்ஸ் வேலி - முக்குருத்தி, அவலாஞ்சி - கோலாரிபெட்டா போன்ற கஷ்டமான பாதைகளும் உண்டு. முதல் தடவை போகிறவர்கள் எளியதில் ஆரம்பியுங்கள். சோலைக்குள் காற்று குறைவு. முக்குருத்தி பக்கம் புல்வெளி முகடுகளில் ஒதுங்க ஒரு மரம்கூட இருக்காது.

ரோட்டு வழியே நடப்பது பிடிக்கும் என்றால் குன்னூர், லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ் பாதை இருக்கிறது. போக மட்டுமே சுமார் 12 கி.மீ. தேயிலைத் தோட்டங்களின் ஓரமாகப் போகும், உயரமும் குறைவு. ஆனால் தோட்டத்துக்குள் இறங்குவதற்கு முன் அனுமதி கேளுங்கள். அது தனியார் இடம். அதைவிட முக்கியம், அந்தப் பச்சை வரிசைகளுக்குள் காட்டுமாடும் கரடியும் நடமாடும். மூடுபனி நேரத்தில் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது. அதனால் சூரியோதயம் பார்க்கிறேன் என்று இருட்டில் கிளம்ப வேண்டாம். வெயில் வந்து பனி விலகியதும் கிளம்புங்கள். மாலை 4 மணிக்குள் தங்கும் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் 6 மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். வெயில் போன அடுத்த நிமிடமே குளிர் ஏறும்.

என்ன உடுத்துவது?

ஒரு தடிமனான ஜெர்கினைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேல்.

உள் அடுக்கு: சீக்கிரம் காயும் துணி. கால்பந்து விளையாடப் போடும் பாலியெஸ்டர் ஜெர்சி போதும். காட்டன் பனியன் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அது சொர்க்கம். மலையில் வியர்வையைக் குடித்துவிட்டு காயாமல் ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் இன்னும் மோசம். நனைந்தால் ஒரு நாள் முழுக்க ஈரம்.

நடு அடுக்கு: கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ். கம்பளிக்கு ஒரு நல்ல குணம், நனைந்தாலும் கொஞ்சம் சூட்டைப் பிடித்துவைக்கும்.

வெளி அடுக்கு: காற்றையும் மழையையும் தடுக்கும் விண்ட்சீட்டர் அல்லது ரெயின்கோட். மெல்லியதாக இருந்தாலும் இதுதான் உயிர் காக்கும் அடுக்கு.

கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான உடை. பத்து நிமிடம் ஏறினால் உடம்பு தானாகச் சூடாகிவிடும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏறினால் வியர்த்து நனைவீர்கள். முகட்டில் நின்று செல்ஃபி எடுக்கும் ஐந்து நிமிடத்தில் அந்த ஈரம் உங்களை உறையவைக்கும். ஏறும்போது ஒன்றைக் கழற்றுங்கள், நின்றதும் ஒன்றைப் போடுங்கள். சோம்பேறித்தனம் இங்கே ஆகாது.

பையில் ஒரு செட் உடையும் இரண்டு ஜோடி சாக்ஸும் நனையவே கூடாது. எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் அதை எடுக்காதீர்கள். ராத்திரிக்கு மட்டும். 'பிளாஸ்டிக் கவரில் சுத்தி வெச்சுக்கலாம்' என்றால், நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கும் சின்ன தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை. சோதனைச் சாவடியிலேயே எடுத்துவிடுவார்கள். நீர்புகாத துணிப்பை ஒன்றும் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் இருந்தால் அது தனி தெம்பு.

இந்த மலையின் ஆதிகுடிகள் குளிரை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தாலே நிறைய புரியும். தோடர்களின் பூத்துக்குளி சால்வை, தோளில் இருந்து கால் வரை உடம்பைச் சுற்றிக்கொள்ளும் கனமான துணி. 2013-ல் தோடர் எம்ப்ராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களின் பாரம்பரிய வீடு பாதி பீப்பாயைக் கவிழ்த்தது மாதிரி இருக்கும். கூரை கனமான புல். வாசல் தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குச் சின்னது. சின்ன வாசல் என்றால் உள்ளே இருக்கும் சூடு சுலபமாக வெளியேறாது. ஆக, காற்றை அடை, சூட்டைப் பிடித்துவை. இன்றைய ட்ரெக்கிங் கடைக்காரர் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்பதும் இதே தத்துவத்தைத்தான்.

சாப்பாடும் போனும்

குளிரில் உடம்பு ஒரு அடுப்பு. விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மதியம் ஒரு பெரிய சாப்பாட்டுக்குக் காத்திருக்காமல், மணிக்கு ஒருதரம் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம், ஊட்டி வர்க்கி என்று ஏதாவது வாயில் போடுங்கள். தாகமே எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும். 30 சதவிகிதம் காட்டிய போன் திடீரென அணைந்துவிடலாம். அதனால் போனையும் பவர் பேங்க்கையும் பையின் வெளிப்பக்கம் வைக்காமல், உடம்பை ஒட்டிய உள் பாக்கெட்டில் வையுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. மேப்பை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

உடம்பு சொல்லும் எச்சரிக்கை

உடலின் உள் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. இதில் பயங்கரம் என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. மூளைதான் முதலில் மந்தமாகும். அதனால் கூட வருபவர்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் வெடவெடவென்று நடுக்கம். பிறகு ஜிப் போட முடியாமல் விரல் தடுமாறும். பேச்சு குழறும். கலகலப்பாக வந்தவர் காரணமில்லாமல் எரிந்து விழுவார், அல்லது அமைதியாகிவிடுவார். நடை தள்ளாடும். 'நான் இங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன், நீங்க போங்க' என்று ஒருவர் சொன்னால், ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நன்றாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால், அது தேறியதற்கு அடையாளம் இல்லை. உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

என்ன செய்யலாம்? காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போடுங்கள். தரையில் நேராக உட்காரவைக்காமல் பையையோ பாயையோ அடியில் போடுங்கள். தலை, கழுத்து உட்பட முழுவதும் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சூடான, இனிப்பான பானம் கொடுங்கள். கை காலைப் பரபரவென்று தேய்க்க வேண்டாம். மது கூடவே கூடாது. 'ஒரு கட்டிங் போட்டா குளிர் பறந்துடும்' என்பது பொய். மது தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு போலத் தெரியும், உள்சூடு வெளியே ஓடிவிடும். பேச்சு குழறத் தொடங்கிவிட்டால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அறைக்குள் கரி நெருப்பா? வேண்டவே வேண்டாம்!

நடை முடிந்து அறைக்கு வந்த பிறகுதான் இந்த ஆபத்து. குளிருக்குக் கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ உள்ளே வைத்துக்கொண்டு, ஜன்னலையும் அடைத்துவிட்டுத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அணைந்த மாதிரி தெரியும் கரியும் இதையே செய்யும். கூடாரத்துக்குள் ஸ்டவ் பற்றவைப்பதும் இதே கணக்குதான். கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள், சுடுதண்ணீர் பை வாங்கிக்கொள்ளுங்கள், உலர்ந்த சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். நெருப்பு மட்டும் வெளியிலேயே இருக்கட்டும்.

கிளம்பும் முன் மூன்று முடிவுகள்

ஒன்று, திரும்பும் நேரம். 'மதியம் 1 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவோம்' என்று ஊரில் இருக்கும்போதே குழுவாக முடிவெடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது யாருக்கும் திரும்ப மனசு வராது.

இரண்டு, கைவிடும் காரணம். யாராவது ஒருவர் முழுக்க நனைந்து, மாற்று உடையும் இல்லாமல் இருந்தால் அன்றைய நடை முடிந்தது. ஓட்டெடுப்பு வேண்டாம்.

மூன்று, தகவல். எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவருக்கும், தங்கும் இடத்தில் ஒருவருக்கும் மெசேஜ் போட்டுவிடுங்கள். அந்த நேரம் தாண்டினால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் நீலகிரியில் குளிரும். மூக்கு சிவக்கும், விரல் மரக்கும், டீக்கடையைப் பார்த்தால் கால் தானாக நிற்கும். அந்தக் குளிரை அனுபவிக்கத்தானே போகிறீர்கள்? உலர்ந்த சட்டையோடு, கையில் சூடான டீயோடு அனுபவியுங்கள். ஹேப்பி ட்ரெக்கிங்!